கொதிக்கும் பானையும் கொஞ்சும் குழந்தையும்

விடியற்காலை நேரம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏதோ ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஓலை வேய்ந்த ஒற்றை அறை. அதிலேதான் படுக்கை, அதிலேதான் பண்டபாத்திரம், அதிலேதான் அடுப்பு. கரும்பு வெட்டப் போகவேண்டும் கணவன். களை பறிக்கப் போகவேண்டும் மனைவி. கஞ்சி கொதிக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை தூக்கம் கலைந்து, தாயின் முந்தானையைத் தேடித் தள்ளாடித் தள்ளாடி வருகிறது. தரையோடு தரையாக எரிகிறது அடுப்பு. பிஞ்சுக் கை நீள்கிறது. பானை சாய்கிறது.

பிறகு? வீடு அலறுகிறது, தெரு திரளுகிறது!

இது நாம் எழுதிப் பார்த்த காட்சிதான், தோழர்களே! ஆனால், இப்படியொரு காட்சியைக் காணாத தெரு நம் பக்கத்தில் உண்டா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தோளிலோ தொடையிலோ சுருங்கிய தழும்போடு நடமாடும் ஒருவரையேனும் அறியாதவர் நம்மில் எத்தனை பேர்?

அரசியல் ஏட்டில் அடுப்படிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அடுப்பு தரையில் இருப்பது அரசியல் இல்லையா? ஓலைக்கூரையின் கீழ் ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடப்பது அரசியல் இல்லையா? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் மடிகிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எங்கே வாழ்ந்தவர்கள்? ஏழை நாடுகளில்! தீக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது என்பார்கள். ஆனால் தோழர்களே, தீக்கு ஏழை வீட்டு வாசல் நன்றாகத் தெரியும்!

சரி, குழந்தையிடம் திரும்புவோம். கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம்.

"ஏண்டி, பார்த்துக்கிட்டு நிக்கறே? மாவை அள்ளி ஊத்துடி!" என்கிறாள் எதிர்வீட்டு ஆயா. "மஞ்சளைக் குழைச்சிப் பூசுங்க" என்கிறார் ஒருவர். "பற்பசை தடவுங்க, எரிச்சல் அடங்கும்" என்கிறார் இன்னொருவர். "பேனா மையைக் கொட்டுங்க" என்கிறார் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்.

இவர்களைக் கேலி செய்ய நமக்குத் தகுதி இல்லை. ஏன் என்றால், அந்தக் கூட்டத்திலே நாமும் ஒருநாள் நின்றவர்கள்தான். நாம் சிறுவனாக இருந்தபோது, நம் சிற்றப்பா மகனின் காலில் வெந்நீர் கவிழ்ந்தது. "மை கொண்டு வா!" என்று யாரோ கூவினார்கள். ஓடிப்போய்ப் புட்டியைத் தேடி எடுத்து வந்து கொடுத்தது இந்தக் கைதான். கால் முழுதும் நீலம். பெரிய உதவி செய்துவிட்ட பெருமை நமக்கு! பிறகு டாக்டர் என்ன செய்தார்? காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டுமே, அதற்காக அந்த மையைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். வெந்த தோலின்மேல் துணி பட்டபோதெல்லாம் அந்தச் சிறுவன் கத்திய கத்தல் இருக்கிறதே, அது இன்றும் நம் காதை விட்டுப் போகவில்லை. மேடையில் கைதட்டல் கேட்ட காதுதான். ஆனால் அந்தக் கத்தலை எந்தக் கைதட்டலும் மூடவில்லை.

அறியாமை நமக்கு மட்டும் சொந்தம் என்றும் எண்ணிவிட வேண்டாம். மேலைநாட்டு மருத்துவ மேதைகளே 1920களில் தீப்புண்மேல் டானிக் அமிலத்தை ஊற்றினார்கள். நம் ஊரிலே ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதனிடுகிறார்களே, அந்தப் பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்தின் இனம்தான் அது! உயிருள்ள உடம்பின் தோலைப் பதனிடப் பார்த்தார்கள். தவறு என்று தெரிந்தது, 1940களில் கைவிட்டார்கள். தவறு செய்வது இழிவல்ல, தோழர்களே! தவறு என்று தெரிந்த பிறகும் "பாட்டன் செய்தான், நானும் செய்வேன்" என்று பிடிவாதம் பிடிப்பதுதான் இழிவு!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தண்ணீர்! வெறும் தண்ணீர்! குழாய் நீரோ, குடத்து நீரோ, பம்புசெட்டு நீரோ, தூய்மையான சாதாரணத் தண்ணீரைக் காயத்தின்மேல் தொடர்ந்து இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். கொதிநீர் பட்டவுடன் சூடு தோலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே இறங்கி அடுத்த அடுக்கையும் வேகவைக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சோறு தன் சூட்டிலேயே வேகுமே, அதுபோல! அந்தச் சூட்டை வெளியே இழுத்து வருவதுதான் தண்ணீரின் வேலை. விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பயன் உண்டு. உடனே ஊற்றினால் பெரும்பயன்.

பனிக்கட்டி வைக்காதீர்கள்; அது தோலை மேலும் கெடுக்கும். சட்டையைக் கழற்றுங்கள், ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காதீர்கள். வளையல், காப்பு, கொலுசு, அரைஞாண் கயிறு அனைத்தையும் உடனே எடுத்துவிடுங்கள். வீக்கம் வந்தபின் அவை விலங்காகிவிடும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் துவைத்து உலர்ந்த வேட்டியால் காயத்தை மூடுங்கள். காயத்தைத்தான் குளிர்விக்க வேண்டும், குழந்தையை அல்ல. மற்ற உடம்பைப் போர்த்திக் கதகதப்பாக வையுங்கள். தண்ணீரை ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, மற்றொருவர் 108க்குப் பேசட்டும். 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அந்த வண்டி இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"சின்னக் காயம்தானே, நாளைக் காலையில் போகலாம்" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

குழந்தை என்பது சிறிய உருவில் இருக்கும் பெரிய மனிதன் அல்ல. அதன் தோல் மெல்லியது. 60 டிகிரிச் சூடுள்ள வெந்நீர் பெரியவர் தோலை ஆழச் சுடச் சில விநாடிகள் ஆகும். குழந்தைக்கு ஒரு விநாடியே போதும். பெரியவர் உடற்பரப்பில் தலை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கோ ஐந்தில் ஒரு பங்கு! பானை மேலிருந்து சாயும்போது முதலில் நனைவது எது? அந்தத் தலைதான், முகம்தான், கழுத்துதான், மார்புதான். அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. விரல்களோடு சேர்ந்த குழந்தையின் சொந்த உள்ளங்கை எவ்வளவோ, அவ்வளவு அதன் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. பத்து உள்ளங்கை அளவு வெந்துவிட்டால், அது வெறும் புண் அல்ல. உயிருக்கு வந்த அறைகூவல்! அளவு அதற்குக் குறைவாக இருந்தாலும் முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்டால் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

ஏன் உயிருக்கு ஆபத்து? 1921ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நியூஹேவன் நகரத்து ரியால்ட்டோ திரையரங்கு தீப்பற்றியது. வெந்து கிடந்தவர்களை யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிராங்க் அண்டர்ஹில் ஆராய்ந்தார். கொப்புளத்தில் கட்டும் நீர் வெறும் நீர் அல்ல, இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் போன்றது என்று கண்டார். ஆகவே, தீப்பட்டவர் உடம்பு ஓட்டைப் பானைபோல் உள்ளுக்குள்ளேயே வற்றிப் போகிறது! இழந்த நீரை நரம்பு வழியே திருப்பித் தரவேண்டும் என்ற வழி அதிலிருந்து பிறந்தது. 1942இல் பாஸ்டன் நகரத்துக் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டபோது, அந்த வழி மேலும் தெளிவாயிற்று. எங்கோ எரிந்தவர்களின் சாம்பலிலிருந்து எழுந்த அறிவு அது. முண்டியம்பாக்கத்துக் குழந்தைக்கும் அதில் உரிமை உண்டு.

அந்த அறிவைக் கணக்காகச் சொல்கிறோம், கூர்ந்து கேளுங்கள். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை. உடம்பில் நூற்றுக்கு இருபது பங்கு வெந்திருக்கிறது. நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கின்படி, நான்கைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை இருபதால் பெருக்கினால் 960. அத்தனை மில்லி லிட்டர் நீர் 24 மணி நேரத்தில் ஏற்றப்பட வேண்டும். குழந்தைக்கு அன்றாடம் தேவையான நீர் இதற்கு மேல். அதில் பாதியை, அதாவது 480 மில்லியை, முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

எட்டு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? மருத்துவமனைச் சீட்டு எழுதும்போதா? இல்லை. பானை சாய்ந்த அந்த நொடியில் தொடங்குகிறது! காலை ஆறு மணிக்கு விபத்து. மந்திரிப்பவர் வீட்டில் ஒரு மணி நேரம். கைவைத்தியத்தில் ஒரு மணி நேரம். பணம் புரட்ட இரண்டு மணி நேரம். வண்டி தேடி ஒரு மணி நேரம். பதினொன்றுக்கு மருத்துவமனைக்குப் போனால், எட்டில் ஐந்து போய்விட்டது, எஞ்சியது மூன்று. அந்த ஐந்து மணி நேரத்தில் குழந்தையின் சிறுநீர் குறைகிறது, நாடி தளர்கிறது, அழுகை அடங்குகிறது. "வலி குறைஞ்சிடுச்சி, தூங்குது" என்கிறாள் தாய். ஐயோ, அது தூக்கமல்ல!

திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அங்கே 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிற்கிறது. கிழக்கே புதுவையில் ஜிப்மர். சென்னையிலே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீப்புண் பிரிவு நாடறிந்தது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்து ஏழைக்குச் சென்னையை விட்டால் கதியில்லை. இன்று அப்படி இல்லை. ஆகவே "ரொம்ப தூரம்" என்று சாக்குச் சொல்லாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் செல்லுங்கள். பெரிய மருத்துவமனைக்கு மாற்றத்தான் வேண்டும் என்றாலும், இங்கேயே நரம்பில் நீரேற்றத் தொடங்கி, வலிக்கு மருந்து கொடுத்து, பிறகு அனுப்புவதுதான் முறை. ஏறும் புட்டியோடு போகும் குழந்தைக்கும் வெறுங்கையோடு போகும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு, உயிரளவு வேறுபாடு!

முதல் இரண்டு நாள் நீருக்காகப் போர். அதன்பின் கிருமியோடு போர். தோல் என்பது உடம்பின் மதில்; மதில் இடிந்த கோட்டைக்குள் பகைவன் எளிதில் நுழைவான். ஆகவேதான் செவிலியர் கூட்டத்தை வெளியே நிற்கச் சொல்கிறார். "பார்க்க விடமாட்டேன்கிறாங்க" என்று சண்டைக்குப் போகும் தோழர்களே, கை கழுவாமல் உள்ளே நுழையும் பத்துப் பேர் பத்துப் பழம் கொண்டு வருவதில்லை. பத்தாயிரம் கிருமி கொண்டு வருகிறீர்கள்! தாயோ தந்தையோ ஒருவர் அருகில் இருக்கட்டும். அது குழந்தைக்கு மருந்து. மற்றவர்கள் வெளியே நின்று இரத்தம் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக வளராது. குழந்தையின் தொடையிலிருந்து மெல்லிய படலம் சீவி எடுத்துப் புண்ணில் ஒட்டுகிறார்கள். "இருக்கிற தோலையும் உரிக்கிறாங்களே!" என்று பதறிக் கையெழுத்துப் போட மறுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் பெற்றோர் உண்டு. போகாதீர்கள்! சீவிய இடம் சில வாரத்தில் தானே ஆறிவிடும். மூடாத புண் மாதக்கணக்கில் ஆறாது.

இந்தத் துறையில் நம் நாட்டு அறிவும் சும்மா இருக்கவில்லை. மும்பையில் சயான் மருத்துவமனை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீப்புண் கட்டாக வைத்துப் பார்த்தார்கள். புண்ணில் ஒட்டவில்லை, கட்டு மாற்றும்போது வலி குறைந்தது, விலையும் மிக மலிவு. நம் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், கால்நடைத் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்துப் புண்ணை மூடும் படலம் செய்தார்கள். செருப்புத் தோலை ஆராய்ந்த கூடம், சின்னஞ்சிறு குழந்தைக்குத் தோல் போர்த்த முனைந்தது! ஆனால் ஒன்று: தோட்டத்து வாழையிலையைப் பறித்து நீங்களே கட்டிவிடாதீர்கள். மருத்துவமனையில் அது நீராவியில் கிருமி நீக்கப்பட்டது. தோட்டத்தில் அது பறவை எச்சம் பட்டது.

புண் ஆறியது, வீட்டுக்கு வந்தாயிற்று. கதை முடிந்ததா? பாதிதான் முடிந்தது! தீத்தழும்பு சுருங்கும் தன்மையுள்ளது. கவனிக்காமல் விட்டால் கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மடங்கிப் போகும். அக்குள் இறுகிக் கை உயராது. குழந்தை வளரும், தழும்பு கூட வளராது. ஆகவேதான் தப்பை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். நாள்தோறும் கை கால் நீட்டும் பயிற்சி தரச் சொல்கிறார்கள். இறுக்கமான உடையை மாதக்கணக்கில் அணியச் சொல்கிறார்கள். பாலும் முட்டையும் பருப்பும் நிறையக் கொடுக்கச் சொல்கிறார்கள். இவற்றைச் செய்தால் எழுதும் கை எழுதும். செய்யாவிட்டால் உயிர் பிழைத்த குழந்தை பள்ளியில் பின்பெஞ்சில் ஒளிந்துகொள்ளும்.

இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. பயிற்சிக்கு வாரந்தோறும் வா என்பது சரியான மருத்துவம். ஆனால் வாரத்தில் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு வரவேண்டியவள் யார்? அந்தக் களை பறிக்கும் தாய்தானே! அவள் மூன்றாம் வாரம் வராமல் போனால், "அக்கறை இல்லாதவள்" என்று எழுதிவிடலாமா? "தாயின் கவனக்குறைவு" என்று கைகாட்டுவது எளிது. தனி அடுப்படி உள்ள மாளிகையில், சமைக்க ஒருத்தி, பிள்ளை பார்க்க ஒருத்தி என்றிருக்கும் சீமாட்டியின் கவனத்தை, ஒற்றை அறையில் ஓராயிரம் வேலை பார்க்கும் ஏழைத்தாயிடம் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

"எல்லாம் தலைவிதி" என்கிறார்கள் வேறு சிலர். விதியாம்! அடுப்பைத் தரையிலிருந்து மூன்றடி உயரத் திண்ணையில் ஏற்றி வைத்தால் அந்த விதி எட்டாதா? அறையின் குறுக்கே இடுப்பளவு பலகைத் தடுப்பு ஒன்று வைத்தால் அந்த விதி தாண்டாதா? முந்நூறு ரூபாய்ப் பலகைக்கு அஞ்சி ஓடும் விதியை, மூவாயிரம் ஆண்டுகளாக நாம் கும்பிட்டுக் கொண்டிருக்கிறோம்!

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஐ மறந்துவிட்டோமா? கும்பகோணம், காசிராமன் தெரு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பிலிருந்து பறந்த தீ, கீற்றுக் கூரையைப் பற்றியது, மாடியிலிருந்த கூரைக்கும் தாவியது, குறுகிய படிக்கட்டு. தொண்ணூற்று நான்கு குழந்தைகள்! காலையில் தலைவாரிப் பூச்சூட்டி அனுப்பிய தாய்மார்கள், நண்பகலில் கொலுசைப் பார்த்து அடையாளம் தேடினார்கள். அதன்பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக்கூரையை நாடெங்கும் அகற்றினார்கள். நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம் வந்தது. பத்தாண்டு கழித்து 2014 ஜூலையில் தஞ்சையில் தீர்ப்பும் வந்தது. கேட்கிறோம்: கூரையை மாற்றத் தொண்ணூற்று நான்கு உயிர் விலை கொடுத்த நாடு, வீட்டு அடுப்பை உயர்த்த இன்னும் எத்தனை உயிர் கேட்கிறது? பள்ளியில் ஒரே நாளில் தொண்ணூற்று நான்கு என்றால் உலகமே திரும்பிப் பார்க்கிறது. ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று சிதறி வேகும்போது யார் பார்க்கிறார்கள்?

குடிசைக்கு மாற்றாக 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு ஒன்று கேட்கிறோம்: அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் உயர்ந்த சமையல் மேடை இருக்கட்டும். கரும்பு வெட்டுவோர் தங்கும் கொட்டகை, செங்கல் சூளைக் குடிசை, மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வீடு ஆகிய இடங்களுக்கும் அந்த மேடை போகட்டும். தீப்பட்ட குழந்தைக்குப் பயிற்சி அளிக்கும் வசதி தாலுகா மருத்துவமனை வரை வரட்டும். உடன்வரும் தாய்க்குப் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் கிடைக்கட்டும். மருத்துவமனையில் குழந்தைக்கென்று தனித் தீப்புண் அறையும், கட்டு மாற்றும்போது வலி தெரியாமல் செய்யும் மருந்தும் தட்டில்லாமல் இருக்கட்டும். கேட்பது பிச்சையல்ல, உரிமை!

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருப்பதா? கிளைக்கொரு படிப்பகம் வைத்திருக்கும் தோழர்களே! அந்தப் படிப்பகத்துக் கரும்பலகையில் நாளை காலை நாலு வரி எழுதுங்கள். "தீப்பட்டால் இருபது நிமிடம் தண்ணீர். மையும் மாவும் வேண்டாம். தூய துணியால் மூடு. 108க்குப் பேசு." தேநீர்க் கடையில் ஏடு படித்துக் காட்டும் தோழர் இதையும் சேர்த்துப் படிக்கட்டும். தச்சுத் தெரிந்த தோழர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தெருவில் நாலு வீட்டுக்குப் பலகைத் தடுப்பு அடித்துக் கொடுக்கட்டும். கொத்து வேலை தெரிந்தவர் நாலு அடுப்பை மேடையில் ஏற்றட்டும். தீபாவளி வந்தால், எரியாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்கும் சிறுவனின் தோளைப் பிடித்து இழுக்க ஒரு பெரியவர் வாளித் தண்ணீரோடு நிற்கட்டும்.

கொள்கை பேசுவது எளிது. கொத்துக்கரண்டி பிடிப்பதும் கொள்கைதான்!

அன்று ஒரு மைப்புட்டியைத் தேடி ஓடிய சிறுவன், இன்று அதே மையால் இதை எழுதுகிறான். மை எழுதுவதற்கு, தோழர்களே! புண்ணுக்குத் தண்ணீர்!